கனடாவில கோச்சி கண்டக்டர் வேலை: எந்தக் கொம்பனிக்குப் போடுறது?

திருகோணமலையில வளந்த எங்களுக்கு கோச்சி எண்டா சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் தாண்டி கல்லோயா சந்தி மட்டும் போற ஒத்தை லைன், பின்பெட்டியில பச்சைக்கொடியோட கார்ட். இங்க கார்ட் ஆகிறதெண்டா ரெயில்வே திணைக்களம் ஒண்டுதான், தெரிவே இல்ல. பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைச்சு கனடா போற தம்பிமாருக்குத்தான் இந்தக் குழப்பம், அதான் எழுதுறன்.

முதல்ல சரக்கா சனமா எண்டு முடிவெடுங்கோ. அங்க கண்டக்டர் எண்டு ஆள் எடுக்கிறது கூடுதலா சரக்கு கோச்சிக்கு, டிக்கெட் கிழிக்கிற வேலையே இல்ல. ரெண்டு மூண்டு கிலோமீற்றர் நீளத்துக்கு நிக்கிற கோச்சியில பெட்டி கொழுவுறது, கழட்டுறது, ஹாண்ட் பிரேக் சுத்துறது, தண்டவாளம் பிரியிற இடத்தில சுவிட்ச் மாத்துறது, நடுவழியில ஏதும் பிழைச்சா மைனஸ் முப்பது குளிரில இறங்கி பெட்டி பெட்டியா நடந்து பாக்கிறது எல்லாம் உங்கட தலையிலதான்.

சரக்கில பெரிய ஆக்கள் ரெண்டு பேர். சீ.என்னுக்கு (கனேடியன் நாஷனல்) தலைமையகம் மொன்றியல், ட்ரெயினிங் சென்டர் வின்னிபெக்கில இருக்கு. சீ.பி.கே.சி (கனேடியன் பசிபிக் கன்சாஸ் சிற்றி) கல்கரிக்காரர், 2023இல ரெண்டு கொம்பனி சேந்து வந்தது, லைன் மெக்சிக்கோ மட்டும் போகுது. கண்டக்டர்மாருக்கு ரெண்டிலயும் ஒரே யூனியன், டீம்ஸ்டர்ஸ். டியூட்டி 12 மணித்தியாலத்துக்கு மேல போகேலாது, முடிஞ்சா வீட்டு டெர்மினல்ல (உங்களுக்கெண்டு குடுத்த ஊர் ஸ்டேஷன்) 12, வெளியில 10 மணித்தியாலம் ஓய்வு, இது ரெண்டுக்கும் பொதுவான சட்டம். அதால பேரப் பாத்துக் கொம்பனி எடுக்காதேங்கோ, எந்த ஊர் டெர்மினல் எண்டு பாருங்கோ. ரொறன்ரோவில மாமா வீட்டில இருந்து வேலைக்குப் போகலாம் எண்டு நினைச்சிட்டு, ஆளே இல்லாத ஒரு சின்ன டவுனுக்கு கையெழுத்து வைச்சா பிறகு அழுது வேலையில்ல.

இன்னொண்டு, இதுதான் முக்கியம், சீனியோரிட்டி, அதாவது சேவை மூப்பு. புதுசா சேந்தா ஸ்பேர் போர்ட்டில (நிரந்தர ஓட்டம் இல்லாம கூப்பிட்டா போற ஆக்கள்ட பட்டியல்) போடுவாங்கள், போன் அடிக்கிற நேரம் போகோணும், நடுச்சாமமோ தைப்பொங்கலோ பாக்கிறேல்ல. வருசம் போகப் போகத்தான் நல்ல ஓட்டம், லீவு எல்லாம் கைக்கு வரும். கொம்பனி மாறினா அந்த வருசமெல்லாம் போச்சு. என்ட மச்சான் ஒராள் மூண்டு வருசம் வேலை செய்துபோட்டு கொஞ்சம் சம்பளம் கூட எண்டு மற்றதுக்குப் பாய்ஞ்சார், திரும்ப கடைசி ஆளா ராவு ராவா ஓடினவர், மகள்ட முதலாவது பிறந்தநாளுக்கும் நிக்கேல்ல.

சனத்தோட வேலை விருப்பமெண்டா வியா ரெயில், அது அரசாங்கக் கொம்பனி. அங்க 1998இலயே கண்டக்டர் பதவிய எடுத்திட்டினம், பயணிகளப் பாக்கிறது சேர்விஸ் ஆக்கள். மொன்றியல் பக்கமெண்டா பிரெஞ்சும் தெரிஞ்சிருக்கோணும். ரொறன்ரோவச் சுத்தி ஓடுற கோ ட்ரெயின்ல கதவு திறக்கிறது, அறிவிப்புச் சொல்றது எண்டு கிட்டத்தட்ட எங்கட கார்ட் மாதிரி ஒரு வேலை இருக்கு. குடும்பமாப் போறவைக்கு நான் இதத்தான் சொல்லுவன், ஓட்டம் முடிஞ்சா ராவைக்கு வீட்டதான்.

எதுக்குப் போட்டாலும் நிறம் தெரியுற பார்வை, காது, ட்ரக் டெஸ்ட் எல்லாம் பாப்பாங்கள். கண்ணை திருகோணமலையிலயே ஒருக்கா காட்டிப்போட்டு போங்கோ, சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாட்டி சிக்னல் வேலைக்கு எடுக்கமாட்டினம்.