ஆன்டிபயாடிக் டிரை சிரப்பைக் கலந்து கொடுப்பது எப்படி?

குழந்தைகளுக்கான அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் பாட்டிலில் பொடியாகவே வருகின்றன. வைரஸால் வரும் சளி, காய்ச்சலுக்கு இவை பயன்படா. எனவே, இந்த முறை மருத்துவர் எழுதித் தந்த சீட்டு உங்கள் கையில் இருக்கிறது என்று கொண்டு தொடங்குகிறேன். செஃபிக்சிம் வாங்கும்போது கடைக்காரர் பெயர் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். 2014 மார்ச் முதல் அதைத் தனிப் பதிவேட்டில் எழுதுவது சட்டப்படி அவருடைய கடமை.

முதலில் கணக்கு. வேளைக்கு 5 மி.லி., நாளுக்கு இரு வேளை, 5 நாள் என்றால் மொத்தம் 50 மி.லி. தேவை, பாட்டிலோ 30 மி.லி. தான். காலையில் தொடங்கினால் மூன்றாம் நாள் இரவோடு அது தீர்ந்துவிடும். அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும். “பிள்ளைதான் ஓடியாடுகிறதே” என்று அடுத்த பாட்டிலை வாங்காமலே விட்டுவிடுவோம். மருந்து பாதியில் நிற்பதற்கு அலட்சியத்தைவிட இந்தக் கணக்கைப் போடாததே காரணம் என்பது என் எண்ணம். இரண்டு பாட்டில்களையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இரண்டாவதை மட்டும் தேவைப்படும் நாள்வரை கலக்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது கலப்பது. அடியில் கட்டியாயிருக்கும் பொடி உதிரும்படி பாட்டிலைத் தட்டிவிட்டு, கொதித்து ஆறிய நீரையோ உடன் தந்த நீரையோ குறியீட்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். அப்போது கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் மருந்து நீர்த்து, ஒவ்வொரு வேளையும் குறைந்த அளவே உள்ளே போகும். கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில் மருந்து பட்டால் அவை அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் தம் நோபல் உரையிலேயே எச்சரித்திருக்கிறார்.

கலந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். எத்தனை நாள் வைக்கலாம், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பதும் அதிலேயே இருக்கும்.

கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் குலுக்கி, அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்கக் கூடாது. உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது பாட்டிலில் 10 மி.லி. மிஞ்சும். அடுத்த காய்ச்சலுக்கு என்றோ தம்பிக்கு என்றோ எடுத்துவைக்காமல், டீத்தூள் சக்கையோடு கலந்து பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். சிங்க்கில் ஊற்ற வேண்டாம்.