ஆங்கில மரபுத்தொடர்கள்: வாரத்துக்கு 5 மட்டும் கற்பது எப்படி?

'மண்டையைப் போட்டார்' என்றால் இறந்துபோனார் என்று பொருள். தமிழ் தெரிந்த யாரும் இதைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சடிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தின் 'கிக் தி பக்கெட்' கிட்டத்தட்ட இதேதான். அதே பொருள், அதே துடுக்கு. ஆனால் ஏதோ ஒரு பட்டியலில் 'கிக் தி பக்கெட் – இறத்தல்' என்று மட்டும் படித்தவர், மேலாளரின் தந்தை மறைவுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அதை எழுதிவிட வாய்ப்பு உண்டு. பட்டியல் பொருளைச் சொல்லிவிடும். யாரிடம் சொல்லலாம், வாக்கியத்தில் எங்கே வளையும், எங்கே ஒடியும் என்பதைச் சொல்லாது.

அதனால் இங்கே பட்டியல் கிடையாது. ஒரு தொடர் கண்ணில் பட்டதும் என்னென்ன செய்ய வேண்டும் என்ற வரிசைதான் இருக்கிறது. தேவையானவை ஒரு நோட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் அகராதி, நாளைக்கு 15 நிமிடம். வாரத்துக்கு 5 தொடர் போதும். ஆண்டு முடிவில் 260 ஆகிவிடும்.

படி 1: அது மரபுத்தொடர்தானா என்று பாருங்கள்

'கணக்குப் பரீட்சை அவளுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி' என்றால் சுலபம். 'அவன் அல்வா கொடுத்துவிட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான். அல்வா என்ற சொல்லின் பொருளை எவ்வளவு ஆராய்ந்தாலும் இந்த இரண்டும் வராது. ஆங்கிலத்தில் கேக்கும் அப்படித்தான். 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலை. 'தி ஐசிங் ஆன் தி கேக்' என்றால் ஏற்கெனவே நன்றாக இருப்பதோடு கூடுதலாக வந்து சேர்ந்த நன்மை. 'யூ கான்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்' என்பது முழு வாக்கியமாகவே நிற்பதால் பழமொழிக் கணக்கு. நம் 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' அங்கே பொருந்தும்.

ஆக, அடையாளம் இது: எல்லாச் சொல்லும் தெரிந்ததாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் பொருள் இடிக்கும். அலுவலகப் பேச்சில் திடீரென்று கேக், பந்து, படகு, பூனை வந்தால் நின்று கவனியுங்கள்.

காதால் பிடிப்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பேச்சில் 'எ பீஸ் ஆஃப் கேக்' நான்கு சொல்லாக வராது. 'அபீஸகேக்' என்று ஒரே மூச்சில் வரும், அழுத்தம் கடைசிச் சொல்லில் விழும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எதிர்பார்க்கும் காதுக்கு அது ஏதோ புதுச் சொல்லாகத் தோன்றும். படம் பார்க்கும்போது ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொண்டால் இது பாதி தீர்ந்துவிடும்.

படி 2: அகராதியில் சரியாகத் தேடுங்கள்

'ஷி லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' (ரகசியத்தை வெளியே விட்டுவிட்டாள்) என்று படித்தால், முழு வாக்கியத்தையும் தேடாதீர்கள். முக்கியமான பெயர்ச்சொல்லை, இங்கே 'கேட்' என்பதை எடுத்து, அந்தச் சொல்லின் பக்கத்தில் கீழே 'இடியம்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்றும் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தனி அகராதி வைத்திருக்கின்றன. விளக்கம் எளிய சொற்களில் இருக்கும். கூகுள் மொழிபெயர்ப்பை இந்தக் கட்டத்தில் நம்ப வேண்டாம். பிரபலமான தொடரைச் சரியாகச் சொல்லும், கொஞ்சம் அரிதானதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடும், எது எப்போது என்று உங்களுக்குத் தெரியாது.

பொருளைப் படித்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். அருகே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இன்ஃபார்மல், ஓல்டு ஃபேஷன்டு, மெயின்லி யூகே என்று. பொருளைவிட முக்கியம் அது. பள்ளியில் எல்லோரும் படித்த 'இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இன்றைய பேச்சில் பழைய வாடை அடிக்கும். மழை கொட்டினால் 'இட்ஸ் போரிங்' (pouring, அதாவது கொட்டுகிறது) என்பார்கள். பிரிட்டனில் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்பதும் உண்டு.

படி 3: ஒரு தொடருக்கு ஐந்து வரி எழுதுங்கள்

மாதிரிக்கு ஒன்று:

தொடர்: ஸ்பில் தி பீன்ஸ்
பொருள்: மறைத்து வைத்திருந்ததை வெளியே சொல்லிவிடுதல்
தமிழில்: போட்டு உடைத்தல்
யாரிடம்: நண்பர், சக ஊழியர்; அலுவல் கடிதத்தில் வேண்டாம்
கண்ட வாக்கியம்: 'ஹூ ஸ்பில்டு தி பீன்ஸ் அபவுட் தி பார்ட்டி?'

ஐந்தாவது வரியில் நீங்களே கற்பனை செய்த வாக்கியத்தை எழுதாதீர்கள். தொடரைச் சந்தித்த வாக்கியம், அல்லது அகராதி தரும் எடுத்துக்காட்டு, அப்படியே இருக்க வேண்டும். தொடக்கத்தில் சொந்த வாக்கியம் எழுதினால் தவறையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவோம்.

தொடரை எழுதும்போது 'எ', 'தி' இரண்டையும் விடாமல் எழுதுங்கள். தமிழில் இவற்றுக்கு இணை இல்லாததால் நம் கை தானாக விட்டுவிடும். 'இன் லாங் ரன்' இல்லை, 'இன் தி லாங் ரன்'. ஆள் மாறும் இடம் இருந்தால் அதையும் குறியுங்கள்: 'புல் ______ லெக்' என்று கோடு போட்டு வைத்தால் ஹிஸ், ஹெர், மை எதுவும் அங்கே உட்காரும்.

படி 4: தமிழ் ஜோடியைத் தேடுங்கள், ஆனால் சந்தேகத்தோடு

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஜோடி கிடைத்தால் தொடர் மறக்காது. தவறான ஜோடி கிடைத்தால் ஆயுளுக்கும் தவறு.

சில அச்சு அசலாக ஒத்துப்போகும். 'பர்ன் யுவர் ஃபிங்கர்ஸ்' என்றால் கையைச் சுட்டுக்கொள்வது; வியாபாரத்தில் நஷ்டப்பட்டதற்கு இரண்டு மொழியிலும் சொல்வோம். 'ஸ்டேப் இன் தி பேக்' முதுகில் குத்துவது. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்' கை கழுவிவிடுவது. இயேசுவின் விசாரணையில் பிலாத்து தண்ணீரெடுத்துக் கைகழுவிய காட்சியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

சிலவற்றில் படம் வேறு, கருத்து ஒன்று. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' நமக்கு அத்தி பூத்தாற்போல. 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' நமக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாசில் இங்கிலாந்தில் லண்டனுக்கே நிலக்கரி ஏற்றி அனுப்பிய துறைமுகம், அங்கே கரி கொண்டுபோய் யாரிடம் விற்க? 'அப் இன் தி ஏர்' என்றால் முடிவாகாமல் அந்தரத்தில் தொங்குவது.

சிலவற்றில் கால் பங்கு இடிக்கும். 'பட்டர்ஃப்ளைஸ் இன் யுவர் ஸ்டமக்' என்பதை 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று பலர் எழுதிக்கொள்கிறார்கள். புளி கரைவது பயம். கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது கரைவது. பட்டாம்பூச்சி பறப்பது மேடை ஏறும் முன்போ, பிடித்தவரைச் சந்திக்கும் முன்போ வரும் படபடப்பு. அதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் கலந்திருக்கலாம். 'சிட் ஆன் தி ஃபென்ஸ்' மதில்மேல் பூனையை நினைவூட்டும். ஆனால் ஆங்கிலத்தில் வேண்டுமென்றே எந்தப் பக்கமும் சேராமல் நழுவுகிறார் என்ற குத்தல் உண்டு. நம் பூனைக்கு அந்தப் பழி குறைவு. எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது, அவ்வளவுதான்.

கடைசி வகைதான் ஆபத்து. 'புல் ஸம்ஒன்ஸ் லெக்' என்பதைப் பார்த்ததும் 'காலை வாருதல்' என்று கை எழுதிவிடும். காலை வாருவது துரோகம். ஆங்கிலத்தில் காலை இழுப்பது விளையாட்டாகப் பொய் சொல்லிக் கலாய்ப்பது. 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே கேட்டால் அவர் உங்கள்மேல் குற்றம் சாட்டவில்லை. இத்தகைய தொடரைச் சிவப்பு மையில் எழுதி, பொய் ஜோடியையும் பக்கத்திலேயே எழுதி அடித்து வையுங்கள்.

படி 5: எவ்வளவு வளையும் என்று சோதியுங்கள்

வினைச்சொல்லின் காலம் மட்டும் பொதுவாக மாறும்: ஸ்பில், ஸ்பில்டு. மற்றவை தொடருக்குத் தொடர் வேறுபடும். 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு' என்று செயப்பாட்டு வினையாக மாற்றினாலும் ரகசியம் வெளிவந்த பொருள் நிற்கிறது. 'தி பக்கெட் வாஸ் கிக்டு' என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள், அவ்வளவே. சாவு காணாமல் போய்விட்டது. காரணம் இருக்கிறது. முதல் தொடரில் ஸ்பில் என்பது வெளியிடுதலாகவும் பீன்ஸ் என்பது ரகசியமாகவும் பிரிந்து நிற்கின்றன. இரண்டாவதில் வாளிக்கென்று தனிப் பொருள் எதுவும் இல்லை. மொத்தத் தொடரும் சேர்ந்துதான் இறப்பு.

இணைச்சொல் போடுவதும் எடுபடாது. பக்கெட்டும் பெய்லும் ஒன்றுதானே என்று 'கிக் தி பெய்ல்' என்றால் யாருக்கும் புரியாது. வரிசையையும் தொடக்கூடாது: 'சேஃப் அண்ட் சவுண்ட்' எப்போதும் அப்படியேதான், நாம் 'பக்கம் அக்கம்' என்று சொல்லாதது போல. 'கெட் கோல்டு ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் துணிவிழப்பது. அது எப்போதும் ஃபீட், ஒருபோதும் ஃபுட் ஆகாது.

படி 6: எந்த ஊர்த் தொடர் என்று குறியுங்கள்

பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. அற்ப விஷயத்துக்கு எழும் பெரிய அமளி பிரிட்டனில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்', அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. எதைச் சொன்னாலும் புரியும். கலக்காமல் இருந்தால் போதும்.

விளையாட்டுத் தொடர்களில்தான் உண்மையான குழப்பம் வருகிறது. அமெரிக்கத் தொடர்கள் பல பேஸ்பாலிலிருந்து வருவதால் நமக்குப் படமே தெரிவதில்லை. 'ஸ்டெப் அப் டு தி பிளேட்' என்பதில் இருப்பது சாப்பாட்டுத் தட்டு இல்லை. பந்தை அடிப்பவர் வந்து நிற்கும் ஹோம் பிளேட். பொறுப்பை ஏற்க முன்வருவது என்று பொருள். 'எ பால்பார்க் ஃபிகர்' உத்தேசக் கணக்கு. மழையால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் 'ரெயின் செக்'. விருந்துக்கு அழைத்தவரிடம் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால் இப்போது முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று அர்த்தம்.

கிரிக்கெட் தெரியும் என்பதால் பிரிட்டிஷ் தொடர்கள் நமக்குச் சுலபம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'தி நியூஸ் நாக்டு ஹெர் ஃபார் சிக்ஸ்' என்று படித்ததும் சிக்ஸர் என்று மனம் துள்ளும். இங்கே அவள் அடித்தவள் இல்லை, அடிபட்ட பந்து. செய்தி கேட்டு நிலைகுலைந்துபோனாள் என்று பொருள். 'ஸ்டிக்கி விக்கெட்' இன்னும் சுவையானது: ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் பந்து எப்படி எழும்பும் என்றே சொல்ல முடியாது. அதனால் இக்கட்டான நிலை.

படி 7: பிறந்த கதையை நினைவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்

தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டவர், 1631 இல் இறந்தார். கேட்டவருக்கு வாசலுக்கு மிக அருகில் நிற்கும் குதிரைதான் கிடைக்கும். வேண்டாமென்றால் நடையைக் கட்டலாம். இந்தக் கதை தெரிந்தால் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதைக் கடினமான தேர்வு என்று தவறாக எழுத மாட்டீர்கள். கொடுப்பதை எடு, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். எஸ்.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இப்படிப்பட்ட பழைய தொடர்களுக்குத் தனி நோட்டு வைப்பது நல்லது. பேச்சில் அதிகம் வராவிட்டாலும் வினாத்தாளில் வரும்.

ஆனால் எல்லாக் கதையும் உண்மையில்லை. கூரை வேய்ந்த வீடுகளின் மேல் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்பது 1999 இல் மின்னஞ்சலில் பரவிய கட்டுக்கதை. 'சேவ்டு பை தி பெல்' என்பதற்குச் சவப்பெட்டியில் மணி கட்டிய கதை சொல்வார்கள். அது குத்துச்சண்டையில் சுற்று முடியும் மணி.

படி 8: வெளியே எடுப்பது

ஒரு தொடரை மூன்று வெவ்வேறு இடங்களில் பார்த்தோ கேட்டோ இருந்தால்தான் பயன்படுத்துங்கள். அதுவரை புரிந்துகொள்வதற்கு மட்டும். முதல் வாரத்துக்கு அலுவலகத்தில் அடிக்கடி வருபவை வசதி: 'கால் இட் எ டே' (இன்றைக்கு இது போதும்), 'கீப் மீ இன் தி லூப்' (எனக்கும் தகவல் சொல்லிக்கொண்டே இருங்கள்), 'கட் கார்னர்ஸ்' (செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க அரைகுறையாகச் செய்வது), 'கெட் தி ஹேங் ஆஃப் இட்' (சூட்சுமம் பிடிபடுவது), மேலே சொன்ன 'பால்பார்க் ஃபிகர்'.

ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டில் மரபுவழிச் சொற்பயன்பாடும் கணக்கில் வருகிறது என்பது உண்மை. அதற்காக ஒரே பதிலில் நான்கைத் திணித்தால் மனப்பாடம் என்று உடனே தெரிந்துவிடும். ஒரு பதிலுக்கு ஒன்று, அதுவும் தானாக வந்தால். கட்டுரைத் தேர்வில் 'பீஸ் ஆஃப் கேக்' வகையறாக்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

திருப்புதலுக்கு, எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று நான்கு முறை நோட்டைத் திறங்கள். தொடரை மறைத்துவிட்டு ஐந்தாவது வரியில் உள்ள வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'எ', 'தி' விட்டுப்போனால் அது தவறுதான், மறுபடி மறுநாள் பட்டியலுக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் ஒருமுறைகூட வெளியே எங்கும் தென்படாத தொடரை நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் புதியது ஒன்றை எழுதுங்கள்.