ஊர் வீட்டில் ஓயாமல் ஓடும் கொமட்: தாயகம் செல்வோர் தாமே சரிசெய்யும் வழி

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி யாழ்ப்பாணம் போகிறவர்கள், குடாநாட்டுக் கிணறுகளில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்ட காலத்தில்தான் வீட்டு வாசலில் போய் இறங்குகிறார்கள். மாரி மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அந்த வேளையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று கட்டிய குளியலறையில் கொமட்டைப் பாவிக்கத் தொடங்கியதும், ஃபிளஷ் தொட்டி நிரம்பிய பிறகும் உள்ளே தண்ணீர் சீறிக்கொண்டே இருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். பகலில் அந்த ஓசை காதில் விழாது. இரவில் மின்விசிறியை நிறுத்தினால் விழும்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இந்தக் கோளாறு தண்ணீர்க் கட்டணத்தில் மெதுவாகத் தெரியவரும். ஊரில் மறுநாளே தெரியவரும். மூன்று நிமிடத்துக்கு 1 லீற்றர் என்ற மெல்லிய ஒழுக்கே ஒரு நாளில் 480 லீற்றராகிவிடுகிறது. கூரைக்கு மேலிருப்பது 500 லீற்றர்த் தாங்கி என்றால், யாரும் குளிக்காமலே அது ஒரு நாளில் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். அதை நிரப்ப மோட்டர் ஓட வேண்டும். கிணறு இறங்கியிருக்கும்போது மோட்டர் காற்றை இழுத்துச் சூடேறிப் பழுதாகவும் கூடும். போதாக்குறைக்கு, வீணாகும் தண்ணீர் முழுவதும் மலக்குழிக்குள் போய், அங்கிருந்து வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடி நீரோடு கலக்கிறது. கிணறு அந்தக் குழிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் வளவிலேயே பார்த்துக்கொள்ளலாம். வலிகாமத்தில் எங்கள் வீட்டில் தாங்கி அடிக்கடி வெறுமையானபோது அம்மா மோட்டரைத்தான் சந்தேகித்தார். மோட்டர் திருத்துபவர் இரண்டு தடவை வந்து போன பிறகே, பிழை குளியலறையில் இருந்த ஒரு சிறிய றப்பர் வளையத்தில் என்று தெரிந்தது.

குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவதால் பெரும்பாலான இடங்களில் வன்னீராகவே இருக்கிறது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவுதான் ஃபிளஷ் தொட்டியின் உள்ளும், வால்வின் நுண்ணிய துளையிலும், அடியில் உள்ள வாஷரின் விளிம்பிலும் படிகிறது. இதோடு, மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் தொட்டி வற்றிக் கிடப்பதால் றப்பர் காய்ந்து இறுகிவிடுகிறது. தாங்கியின் அடியில் தங்கிய மணலும் பாசியும் முதல் நாளே குழாய் வழியே இறங்கி வந்து வால்வில் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். தொட்டி வெடித்திருந்தால் ஒழிய, பழுது கையளவான ஒரு பாகத்தில்தான் இருக்கும்.

முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. கொமட்டின் பின்புறச் சுவரில், தொட்டிக்குப் போகும் வளையும் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய வால்வு இருக்கும்; அதை வலஞ்சுழியாகத் திருப்பினால் மூடும். பல ஆண்டுகள் தொடாத வால்வு சுண்ணாம்பு பிடித்து அசையாமல் இருக்கலாம். அப்போது பலம்கொண்டு முறுக்கக் கூடாது, ஏனெனில் அது கையோடு முறிந்து வந்தால் சிறு ஒழுக்கு பெருவெள்ளமாகிவிடும். தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில் உள்ள பெரிய வால்வை மூடிப் பார்க்கலாம். அதுவும் அசையவில்லை என்றால், நீண்ட கையுள்ள மிதவை இருக்கும் தொட்டிகளில் ஒரு எளிய வழி உண்டு: தொட்டியின் வாயின் குறுக்கே ஓர் அகப்பைக் காம்பை வைத்து, மிதவையின் கையை உயர்த்தி அதோடு நூலால் கட்டிவிட்டால், உள்ளே வரும் தண்ணீர் நின்றுவிடும்.

அடுத்தது, தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று அறிவது. இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் தேவையில்லாத பொருளோடு திரும்பி வருகிறார்கள். மூடியைக் கழற்றித் தரையில் ஒரு துணியின் மேல் வையுங்கள். மேலே பொத்தான் உள்ள மூடியாக இருந்தால், பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை இடஞ்சுழியாகத் திருப்பினால் அது கழன்று வரும். பொத்தான் அழுந்தியபடியே சிக்கி நிற்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள், சில வீடுகளில் பழுது முழுவதும் அவ்வளவுதான். பிறகு தொட்டியை நிரம்பவிட்டு, சுவர் வால்வை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மட்டம் குறியை விட்டு இறங்கினால், அடியில் உள்ள வாஷர் தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை என்று பொருள். மட்டம் அசையாமல் நின்றால், அடிவாஷர் நன்றாக இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடும் வால்வுதான் நேரத்துக்கு மூடிக்கொள்ளாமல், நடுவில் நிற்கும் வழிவுக் குழாயின் வாய் வழியே கொமட்டுக்குள் வழியவிட்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தில் சில சொட்டுகளைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, யாரும் ஃபிளஷ் பண்ணாமல் கால் மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் வருவதை நிறுத்திய நிலையிலும் கொமட்டில் நீலம் இறங்கினால், அது அடிவாஷர்தான்.

அடிவாஷர் பிழை என்றால், தொட்டியை வெறுமையாக்கிவிட்டு, நடுவில் நிற்கும் பிளாஸ்ரிக் கூட்டைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால், இப்போது பெரும்பாலான தொட்டிகளில் அது மேலே வந்துவிடும். அதன் அடியில் தட்டையான றப்பர் வளையம் இருக்கும். அதையும் அது அமரும் பிளாஸ்ரிக் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் பொருக்கு கைக்குத் தட்டுப்படும். வினாகிரியில் தோய்த்த துணியால் விளிம்பைத் துடைத்தால் அது நுரைத்துக் கரையும். வீட்டில் வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் போதும், கொஞ்சம் நேரம் கூடுதலாக வேண்டும். கத்தியால் சுரண்டக் கூடாது, விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் எந்த வாஷரும் அங்கே பொருந்தாது. கழிவறை கழுவும் அமிலத்தைத் தொட்டிக்குள் ஊற்றுவதும் றப்பருக்குக் கேடு. அதோடு வெளுக்கும் திரவம் சேர்ந்தால் நச்சு வாயு எழும். வளையம் இன்னும் மென்மையாக இருந்தால் அதைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தேயாத பக்கம் சில காலம் தாங்கும். இறுகி வெடித்திருந்தால் புதியது வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசி மென்மையாக்கலாம் என்று அயலில் யாராவது சொல்லக்கூடும். எண்ணெய் றப்பரை ஊதச் செய்து உருக்குலைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

உள்ளே விடும் வால்வு பிழை என்றால், சுவர் வால்வைத் திறந்துவிட்டு, மிதவையைக் கையால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் தண்ணீர் நின்றால் வால்வு நல்லது, மிதவையின் உயரம்தான் கூடிவிட்டது. பிளாஸ்ரிக் மிதவையில் அதற்கென ஒரு திருகாணியோ கவ்வியோ இருக்கும். பித்தளைக் கையுள்ள பழைய மிதவையை இரண்டு கையாலும் பிடித்துச் சற்றே கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும். வழிவுக் குழாயின் வாய்க்கு இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் கீழே நீர்மட்டம் நிற்கும்படி சரிசெய்தால் போதும். பந்து மிதவையைக் குலுக்கிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் குலுங்கினால் அது ஓட்டையாகிவிட்டது, இனி மிதக்காது.

மிதவையைத் தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வால்வின் வாயில் மணலோ சுண்ணாம்போ சிக்கியிருக்கிறது. தண்ணீரை மூடி, வால்வின் தலையைத் திருப்பிக் கழற்றி, உள்ளே உள்ள சிறு றப்பர்த் தகட்டை எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். திரும்பப் பொருத்துவதற்கு முன், திறந்த வால்வின் மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சுவர் வால்வை ஓரிரு நொடிகள் திறந்து மூடினால் குழாயில் தங்கிய மணல் வெளியே வந்துவிடும். அடுத்த வாரம் அதே இடத்தில் மணல் சிக்காமல் இருக்க, ஒரு நாள் தாங்கியையும் கழுவிவிட வேண்டும்.

புதிய பாகம் தேவைப்பட்டால், அதை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனடாவில், தண்ணீரை உள்ளே விடும் வால்வின் அடிப்புரி 7/8 அங்குலம். ஐரோப்பாவின் பல நாடுகளில் 3/8 அங்குலம். ஊரில் பெரும்பாலும் அரை அங்குலம். லண்டன் வால்வு புரியளவில் பொருந்தினாலும், அங்குள்ள பொதுக்குழாயின் வலுவான அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டதாக இருக்கலாம். ஊர்த் தாங்கி தொட்டிக்கு 4 மீற்றர் மேலே இருந்தால், கிடைப்பது ஏறத்தாழ 0.4 பார் அழுத்தம் மட்டுமே. அந்த அழுத்தத்தில் சில வால்வுகள் அரை மணி நேரமாகியும் தொட்டியை நிரப்பாது. சில ஒழுங்காக மூடிக்கொள்ளவும் மாட்டா. நான் ஒருமுறை பெருமையாகக் கொண்டுபோன வால்வு இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் புதிதாகவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் விமானம் ஏறிய பிறகு அது பழுதானால், வீட்டில் இருப்பவர் அதன் வாஷரை எங்கே போய்த் தேடுவார்? பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்தியில் உள்ள ஹாட்வெயார் கடைக்குப் போய், அதே அளவில், தாங்கித் தண்ணீருக்குப் பாவிக்கக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கள். பொருத்தும்போது பிளாஸ்ரிக் சுரையை (நட்டை) கையால் இறுக்கி, அதன் பிறகும் கசிந்தால் மட்டும் ஸ்பனரால் கால் சுற்றுத் திருப்பினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் பீங்கான் வெடிக்கும்.

தொட்டியே வெடித்திருந்தாலோ, கூட்டின் அடிப்பகுதியை மாற்றத் தொட்டியைக் கொமட்டிலிருந்து கழற்றித் தூக்க வேண்டியிருந்தாலோ, சுவருக்குள் குழாய் கசிந்தாலோ, அதற்குப் பைப் வேலை தெரிந்தவரை அழைப்பதே முறை.

திரும்புவதற்கு முந்திய நாள் வீட்டில் இருக்கப்போகிறவரை, அம்மாவோ மாமியோ, குளியலறைக்கு அழைத்துப்போய், சுவர் வால்வு எந்தப் பக்கம் மூடும் என்பதை அவர் கையாலேயே திருப்பச் சொல்லிக் காட்டுங்கள். அது கைக்கு இறுக்கமாக இருந்தால், அதை மூடியபடியே விட்டு, வாளியில் தண்ணீர் ஊற்றிப் பாவித்துக்கொள்ளலாம் என்றும், தொட்டி ஓடத் தொடங்கினால் அதற்காக நள்ளிரவில் மோட்டரைப் போடத் தேவையில்லை என்றும் சொல்லிவையுங்கள். வீடு பூட்டப்படப் போகிறது என்றால் சுவர் வால்வை மூடி, தொட்டியை ஃபிளஷ் பண்ணி, அடியில் எஞ்சும் தண்ணீரையும் துணியால் ஒற்றி எடுத்து, மூடியை இடைவெளியின்றிப் பொருத்திவிடுங்கள். மாரியோடு டெங்கு வரும் ஊரில் தேங்கிய தண்ணீரை நுளம்புக்கு விட்டுவைக்கக் கூடாது. மாற்றிய பழைய வாஷரையும் எறிந்துவிடாமல், ஒரு சிறிய பையில் போட்டு அளவை எழுதிக் குளியலறைக் கதவின் பின்னால் உள்ள ஆணியில் கொழுவிவிடுங்கள். அடுத்த தடவை கடைக்குப் போகிறவர், அது பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தாலும், அதைக் காட்டிச் சரியானதை வாங்கி வந்துவிடுவார்.