எஸ்ஏசிடியா, சிடியா? வீட்டிலேயே மறைத்து வைத்துக் கேட்டுப் பார்க்கும் முறை

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவில் குடியிருக்கும் என் தாய்மாமாவும், சேலம் அழகாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாரும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். வரப்புத் தகராறு எதுவும் இல்லை, எல்லாம் ஒரு பாட்டுத் தட்டால் வந்தது: எஸ்ஏசிடி, அதாவது சிடியைவிட உயர்ந்த ஒலி என்று சொல்லி வந்த 'சூப்பர் ஆடியோ சிடி'. "சிடின்னா பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த காபி மாப்ள, எஸ்ஏசிடி கேட்டவன் திரும்பி வரமாட்டான்" என்று மாமா சொல்லப் போக, "சிக்கரி நாக்குல தெரியும் சார், இது காதுல தெரியுதுன்னு காட்டுங்க" என்று வாத்தியார் கேட்டுவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். ஒருவழியாக என் வீட்டிலேயே சோதனை வைத்தேன். அதில் நான் செய்த தப்பு, கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன், புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு உதவும்.

படி 1: கையில் இருக்கும் தட்டு எது என்று பாருங்கள்

சிடி 1982-இல் வந்தது. 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது நொடிக்கு அத்தனை முறை ஒலியை அளந்து ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதுவது. இந்த முறைக்கு பிசிஎம் என்று பெயர். எஸ்ஏசிடியை சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1999-இல் கொண்டு வந்தார்கள். அதில் இருப்பது டிஎஸ்டி என்ற வேறு முறை: ஒரே ஒரு பிட், ஆனால் நொடிக்கு 28 லட்சத்துக்கும் மேல், அதாவது சிடியின் வேகத்தைப் போல 64 மடங்கு. 2000-இல் போட்டிக்கு வந்த டிவிடி-ஆடியோ சிடியின் வழியிலேயே போய் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 மாதிரிகள்) வரை ஏறியது. அப்புறம் புளூ-ரேயிலும் வெறும் பாட்டுக்காகவே தட்டுகள் வந்தன.

தட்டின் உறையில் 'ஹைப்ரிட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள், நமக்கு வேண்டியது அதுதான். ஹைப்ரிட் எஸ்ஏசிடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. 650 நானோமீட்டர் லேசர் ஓர் அடுக்கில் எஸ்ஏசிடியைப் படிக்கும். பழைய சிடி பிளேயரின் 780 நானோமீட்டர் லேசர் அந்த அடுக்கை ஊடுருவிப் போய் அதற்கு மேலே இருக்கும் சாதாரண சிடி அடுக்கைப் படிக்கும். ஒரே தட்டு, ஒரே பாட்டு, இரண்டு விதம். ஹைப்ரிட் இல்லாத எஸ்ஏசிடிகளும் உண்டு, அவை சிடி பிளேயரில் ஓடாது. கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் போட்டால் சிடி அடுக்கு மட்டும்தான் வரும், அதைக் கேட்டுவிட்டு எஸ்ஏசிடி கேட்டேன் என்று சொல்லாதீர்கள், எனக்குத் தெரிந்து இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

படி 2: சண்டை எதைப் பற்றி என்று புரிந்துகொள்ளுங்கள்

வாத்தியார் கட்சி சொல்வது: மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், சிடி 22 வரை (மாதிரி வேகத்தில் பாதி) தாங்கும், அப்புறம் எதற்கு மேலே போக வேண்டும்? அறுபது தாண்டினவர்களுக்கு 20 எல்லாம் கனவு. (இதைச் சொன்னபோது இருவருமே அறுபது தாண்டினவர்கள் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.) டிஎஸ்டியில் ஒரே பிட் என்பதால் உண்டாகும் இரைச்சலை நம் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அது ஒரு குறைதானே என்பதும் அவர்கள் வாதம். அதுவும் போக, டிஎஸ்டியை அப்படியே வெட்டி ஒட்டி எடிட் செய்வது கஷ்டம் என்பதால் பல எஸ்ஏசிடிகள் வழியில் எங்கேயோ பிசிஎம் ஆகித்தான் வருகின்றன.

மாமா கட்சி சொல்வது: எண்ணை விடு, காதைக் கேள்.

சரி, காதைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ ஒலியை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சிடி தரத்துக்கு இறக்கியும் கேட்க வைத்து, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 முறையில் 276 முறைதான் சரி. பூவா தலையா போட்டாலே அவ்வளவு வரும். ஆனால் 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்பவர் 18 சோதனைகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரி என்று வந்தது. சிறியதுதான், ஆனால் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. பயிற்சி பெற்ற காதுகள் இன்னும் கூடுதலாகவே பிடித்தன. ஆக இரண்டு கட்சிக்கும் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

படி 3: பிளேயரைத் தயார் செய்யுங்கள்

மாமா தன் பிளேயரை டிசம்பர் குளிரில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கீழே கொண்டு வந்தார். வந்ததும் போட்டோம், தட்டைப் படிக்கவே இல்லை. மாமா முகம் செத்துவிட்டது. விஷயம் இவ்வளவுதான்: குளிர்ந்த பெட்டி சேலத்துச் சூட்டுக்கு வந்ததும் லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, நாலு ரோடு போய் தட்டுவடை செட் சாப்பிட்டு வந்து போட்டால் ஓடியது.

செட்டிங்கில் மூன்று விஷயம். முதலாவது, எஸ்ஏசிடி அடுக்கா சிடி அடுக்கா என்று தேர்ந்தெடுக்கும் இடம் மெனுவில் எங்கே என்று கண்டுபிடியுங்கள். இரண்டாவது, பாஸ் ஏற்றம், சரவுண்ட் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஸ்ஏசிடியில் ஸ்டீரியோ பகுதியை வையுங்கள், பல ஸ்பீக்கருக்கான 5.1 பகுதியை சிடியோடு ஒப்பிட்டால் ஐந்து ஸ்பீக்கர்தான் ஜெயிக்கும், அடுக்கு இல்லை. மூன்றாவது ஒயர். ஆப்டிக்கல், கோஆக்சியல் வழியாக டிஎஸ்டியை வெளியே விடக்கூடாது என்பது காப்பி அடிப்பதைத் தடுக்கப் போட்ட விதி, அதனால் எச்டிஎம்ஐ அல்லது பிளேயரின் பின்னால் இருக்கும் சிவப்பு வெள்ளை அனலாக் பின்கள், இந்த இரண்டில் ஒன்று.

படி 4: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

மற்ற படிகளில் கொஞ்சம் அசந்தாலும் பரவாயில்லை, இதில் அசராதீர்கள். நாங்கள் முதல் சுற்றில் இதைத்தான் விட்டோம். மாமா பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், வாத்தியார் எழுந்து போகப் பார்த்தார். எனக்கு என்னவோ உறுத்தவே போனை ஸ்டூலில் வைத்து ஒலி அளக்கும் ஆப்பைத் திறந்தால், இரண்டு அடுக்குக்கும் நடுவே 2 டெசிபல் வித்தியாசம். ஒரு மயிரிழை சத்தம் கூடினாலும் நம் மூளை அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்றும் உயிரோட்டம் என்றும் சொல்லும். டிஎஸ்டியை பிசிஎம் ஆக மாற்றும் பிளேயர் சிலவற்றில் எஸ்ஏசிடி 6 டெசிபல் வரைகூட இறங்கி ஒலிக்கும்.

செய்ய வேண்டியது: நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் போனை அசையாமல் வையுங்கள். ஒரே பாட்டின் ஒரே முப்பது நொடியை இரண்டு அடுக்கிலும் ஓடவிட்டு, சராசரி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், உச்ச அளவை அல்ல. மின்விசிறியை நிறுத்துங்கள். இரண்டும் சமமாக வர எந்த அடுக்குக்கு ஆம்பில் (ஒலிபெருக்கியில்) எந்த வால்யூம் எண் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள். போன் அளவு துல்லியம் இல்லைதான், ஆனால் இரண்டையும் அதே போன்தான் அளக்கிறது.

படி 5: மறைத்து வைத்துக் கேளுங்கள்

ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் மாற்ற வேண்டும். மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி எந்த அடுக்கு என்று முடிவு செய்து எழுதிக்கொள்வார், வாயைத் திறக்கமாட்டார். பிளேயர் முகப்பையும் ஆம்ப் முகப்பையும் துண்டு போட்டு மூடுங்கள், 'எஸ்ஏசிடி' விளக்கு எதிரில் இருக்கும் ஷோகேஸ் கண்ணாடியில்கூடத் தெரியும். அடுக்கை மாற்றினால் தட்டைத் திரும்பப் படிக்கச் சில நொடி ஆகும், மாற்றாவிட்டால் ஆகாது, அந்த இடைவெளியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் தட்டை வெளியே எடுத்து உள்ளே தள்ளுங்கள், ஆம்ப் குமிழையும் ஒருமுறை திருகிவிட்டு அதற்கான எண்ணில் வையுங்கள்.

வீணை மீட்டின பிறகு ஓசை தேய்ந்து போகும் இடம், மண்டபத்தின் எதிரொலி, சிம்பலின் வால் மாதிரியான இடங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முறை போதும். 9 அல்லது அதற்கு மேல் சரி என்றால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 1024-இல் 11 வாய்ப்புதான். 8 வந்தால் குதிக்காதீர்கள், சும்மா அடித்துவிட்டாலே 8 அல்லது அதற்கு மேல் ஏறக்குறைய 18 பேரில் ஒருவருக்கு வரும்.

இரண்டாம் சுற்றில் மாமாவுக்கு 6.

படி 6: 9 வந்துவிட்டதா? இன்னும் ஒன்று பாக்கி

சிடி அடுக்கும் எஸ்ஏசிடி அடுக்கும் ஒரே மாஸ்டரிங்கில் (தட்டு அடிக்கும் முன் ஸ்டுடியோவில் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) இருந்து வந்தவை என்று உத்தரவாதம் இல்லை. சிடி அடுக்கைச் சத்தமாக நசுக்கி, மற்றதை மூச்சுவிடும்படி விட்டிருந்தால் வித்தியாசம் கட்டாயம் கேட்கும், ஆனால் அது ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர் செய்தது, தட்டின் வகை செய்தது இல்லை. இதை நான் சொன்னதும் இருவரும் முதல்முறையாக ஒருசேரத் தலையாட்டினார்கள். பிரித்துப் பார்க்க ஒரு வழி: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக் கோப்பு ஒன்றை விலைக்கு வாங்குங்கள். அதை நீங்களே 16 பிட், 44.1-க்கு இறக்கி, அதைத் திரும்ப 24/96 ஆக ஏற்றி வையுங்கள் (ஏற்றாவிட்டால் மாறும்போது, எண்ணை ஒலியாக மாற்றும் டாக் கருவி 'டிக்' என்று காட்டிக்கொடுக்கும்). ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் ஏபிஎக்ஸ் கம்பரேட்டர் என்ற துணைக்கருவி உண்டு, நாணயம் சுண்டுகிற வேலையை அதுவே செய்துவிடும்.

படி 7: எல்லாத் தட்டும் ஓடும் பிளேயர் வாங்குவது

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க வேண்டுமா என்றால், என் கணக்கில் 5.1-க்காகவும் நல்ல மாஸ்டரிங்குக்காகவும் வாங்கலாம், எண்ணுக்காக வேண்டாம். புளூ-ரே ஓடினால் எஸ்ஏசிடியும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். விலை கூடிய பானாசோனிக் டிபி-யுபி9000-இல் ஓடாது. சோனி யுபிபி-எக்ஸ்800எம்2-இல் எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ இரண்டும் ஓடும், ஆனால் அதில் அனலாக் பின் கிடையாது, எச்டிஎம்ஐ இல்லாத பழைய ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு அது ஆகாது. எல்லோரும் தேடும் ஓப்போ பிளேயர்களின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் 2018-இலேயே அறிவித்துவிட்டது, இனி செகண்ட் ஹேண்ட்தான். டிவிடி-ஆடியோவுக்குப் பல தட்டுகளில் மெனுவைப் பார்க்க டிவியும் வேண்டியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகும்போது நன்றாக ஓடும் ஹைப்ரிட் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். எஸ்ஏசிடி என்று முகப்பில் வருகிறதா பாருங்கள், அப்புறம் நேராகக் கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். தட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பாட்டு விளிம்புப் பக்கம் இருக்கும், பழைய பிளேயர் சில சமயம் அங்கே போகும்போதுதான் திக்கும். அங்கேயும் தாண்டாமல் ஓடி முடிந்தால் பணத்தை எடுங்கள்.