சின்னப் பிள்ளைகளோடு பிச்சாவரம்: அதிகச் செலவில்லாமல் ஒரு நாள்

கடலூரிலிருந்து காலை 6 மணிக்கே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். அங்கிருந்து பிச்சாவரத்துக்கு பஸ் உண்டு. தமிழக அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது, அதற்குமேல் 12 வரை அரை டிக்கெட். வெயில் ஏறுவதற்குள் படகு ஏறுங்கள். பிள்ளைகள் சிணுங்குவது பெரும்பாலும் சூட்டால்தான்.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். சின்னது கேளுங்கள், இல்லையென்றால் படகே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நல்லெண்ணெய் தடவிய பொடி இட்லி போதும், தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் ஊசிப்போகும். வெயிலில் நீர்ச்சத்து குறைந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) எடுத்துப்போனால், 1 லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டாதீர்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.