முதியோர் இல்லம் பார்க்கப் போகிறீர்களா? வரவேற்பறையில் உட்காராதீர்கள்

பெரியம்மாவுக்காக நானும் தம்பியும் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஏழு முதியோர் இல்லங்கள் ஏறி இறங்கினோம். முதல் மூன்றிலும் ஒரே தப்பைச் செய்தோம். அவர்கள் காட்டியதை மட்டும் பார்த்தோம். சோபா, மீன் தொட்டி, சுவரில் பொங்கல் விழா போட்டோ, ஒரு டம்ளர் காபி. வெளியே வந்ததும் "நல்ல இடமாத்தான் தெரியுது" என்றான் தம்பி. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 'கேர் குவாலிட்டி கமிஷன்' என்று ஓர் அமைப்பு உண்டு. முதியோர் இல்லங்களைச் சோதித்து, பாதுகாப்பு, பலன், அக்கறை, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என்று ஐந்து விஷயங்களில் தரம் போட்டு, அறிக்கையை இணையத்தில் வைத்துவிடுவார்கள். நம் ஊரில் அப்படி வீட்டில் உட்கார்ந்தபடி தட்டிப் பார்க்கிற வசதி இல்லை. நாம்தான் ஆய்வாளர். நான்காவது இல்லத்திலிருந்து ஒரு நோட்டோடு போனேன். அந்த நோட்டில் இருந்ததுதான் இது.

படி 1: முதலில் நம் ஆளைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்

இல்லத்தைப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டியது இது. என் நோட்டின் முதல் பக்கம்: வயது 78. இரண்டு வேளை இன்சுலின். வாக்கர் பிடித்து நடப்பார். ராத்திரி மூன்று முறை பாத்ரூம் போவார்.

மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த நாலு வரியிலிருந்துதான் வந்தன. மறதி நோய் இருப்பவருக்குக் கேள்விகள் வேறு, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வேறு. "நல்ல இல்லமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு இவங்களை பாத்ரூமுக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 2: காகிதங்கள்

பத்து நிமிட வேலை. பலர் டிரஸ்ட் பதிவுச் சான்றிதழைப் பெரிதாக பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது அறக்கட்டளைக்கான பதிவு, இல்லத்துக்கான பதிவு வேறு. சமூக நலத் துறையில் பதிவு செய்த சான்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். சமையலுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு) எண் 14 இலக்கத்தில் இருக்கும். தீயணைப்புத் துறையின் சான்றையும் பார்த்துவிடுங்கள். காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே போகலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

படி 3: மூக்கையும் காதையும் முன்னே அனுப்புங்கள்

ஓர் அறையில் மூத்திர நாற்றம் வந்தால் பரவாயில்லை, யாருக்கோ இப்போதுதான் ஆகியிருக்கும். நடை முழுக்க, மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றிலும் ஊறிப்போயிருந்தால் ஆள் பற்றாக்குறை. கண் எரிகிற அளவுக்கு பினாயில் வாசம் வந்தாலும் யோசியுங்கள், நீங்கள் வருவது தெரிந்து ஊற்றியிருப்பார்கள்.

காலை 11 மணிக்கு எல்லோரும் அயர்ந்து தூங்குகிறார்களா? நாங்கள் பார்த்த ஓர் இல்லத்தில் ஹாலில் பதினைந்து பேரும் நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தார்கள். டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அமைதியா இருப்பாங்க" என்றார் மேலாளர். வயதானவர்கள் அப்படி மொத்தமாக அமைதியாக இருக்க மாட்டார்கள். இரண்டு பேராவது சண்டை போடுவார்கள், ஒருவராவது காபி சரியில்லை என்பார். தூக்க மாத்திரை யாருக்கெல்லாம் தருகிறீர்கள், எந்த டாக்டர் எழுதினார் என்று தயங்காமல் கேளுங்கள். கையைக் கட்டிலோடு கட்டிய துணி கண்ணில் பட்டால், அங்கேயே திரும்பிவிடலாம்.

படி 4: கழிப்பறை

நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். விருந்தினர் கழிப்பறையைக் காட்டுவார்கள். வேண்டாம், தங்கியிருப்பவர்கள் பயன்படுத்துகிறதைக் கேளுங்கள்.

உள்ளே போய், கமோடு பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை உங்கள் முழு எடையையும் போட்டு இழுங்கள். ஐந்தாவது இல்லத்தில் நான் இழுத்தபோது ஸ்குரூவோடு சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்தது. டைல்ஸ் மேல் துண்டுக் கம்பியை ஒட்டவைத்த மாதிரி செய்திருந்தார்கள். பெரியம்மா பிடித்து எழுந்திருந்தால் இடுப்பு எலும்பு போயிருக்கும்.

அப்புறம் தரை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா? உள்ளே விழுந்தவர் எழுந்து வந்து திறக்க முடியாது. சக்கர நாற்காலி நுழைய வாசல் 90 சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி. ஒரு டேப் எடுத்துப் போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு குளியலறையில் கிடந்தால் அது பெரிய ஆபத்து. கீசர் இருந்தாலும், குழாய் வெந்நீரில் கையை வையுங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, சர்க்கரை நோயில் காலுக்கு உணர்வு குறைந்தவருக்குச் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். வெந்நீரை யார் கலந்து, யார் தொட்டுப் பார்த்து ஊற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

படி 5: ராத்திரி

பகலில் பத்து மணிக்குப் போனால் மேலாளர், நர்ஸ், சமையல்காரர் என்று பத்துப் பேர் நடமாடுவார்கள். "உங்ககிட்ட எத்தனை ஸ்டாஃப்?" என்று கேட்பது வீண். "நேத்து ராத்திரி டியூட்டியில யார் யார் இருந்தாங்க? பேர் சொல்லுங்க" என்று கேளுங்கள். டியூட்டி நோட்டு இருந்தால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். இல்லையென்றால் மேலே பார்த்து யோசிப்பார்கள்.

ஆயாவிடம் தனியாக ஒரு நிமிடம் பேசக் கிடைத்தால் அதைவிட நல்ல ஆய்வு இல்லை. மாடிப்படியில் ஓர் ஆயாவிடம் கேட்டேன். "நைட்ல நான் ஒருத்திதான் அக்கா. மேல பதினாலு பேரு, கீழ ஒம்பது பேரு" என்றார். கீழே பெல் அடித்தால் மாடியில் கேட்குமா? சிரித்தார். எத்தனை மாதமாக இங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேளுங்கள். எல்லா ஆயாக்களும் "ரெண்டு மாசம்" என்றால் அங்கே யாரும் நிற்பதில்லை. வடமாநிலத்திலிருந்து வந்து அருமையாகக் கவனிக்கிற பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் "வயித்த வலிக்குது" என்று தமிழில் சொன்னால் புரிகிற ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.

அழைப்பு மணியை நீங்களே அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மணி கட்டிலில் படுத்தபடி கைக்கு எட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே நாலடி உயரத்தில் சுவரில் இருந்தால் அது அலங்காரம்.

பிடித்துப்போன இல்லத்துக்கு ஒரு தடவையாவது ராத்திரி போங்கள். ஆறாவது இல்லம் எங்களுக்கு எல்லாவிதத்திலும் பிடித்திருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன், பத்தரை மணிக்கு, "போன் சார்ஜரை மறந்துட்டோம்" என்று போய் நின்றோம். வாசலில் கிரில் கேட், பெரிய பூட்டு. உள்ளே நின்ற ஆயா சாவி தன்னிடம் இல்லை என்றார். சாவி வார்டனிடம், வார்டன் இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டில். உள்ளே முப்பது பேர். தீ பிடித்தால்? தம்பி ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினான்.

படி 6: மருந்து அலமாரியும் பிரிட்ஜும்

ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய தனி டப்பா, பக்கத்தில் ஒரு பதிவேடு, அதில் கொடுத்த நேரமும் கொடுத்தவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கே ராத்திரி மாத்திரைக்கும் டிக் போட்டிருந்தால் அந்த நோட்டு பொய்.

உங்கள் ஆள் இன்சுலின் போடுகிறவர் என்றால் இல்லத்தின் பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஓரிடத்தில் கறிவேப்பிலைக் கட்டுக்கும் மீந்த சாம்பாருக்கும் நடுவே, பிரீசர் தட்டை ஒட்டி, மேலே பனி படிந்து ஒரு பாட்டில் இருந்தது. உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். திறந்த பாட்டில் பொதுவாக 28 நாள் வரைதான், அதனால் திறந்த தேதி அதன்மேல் எழுதியிருக்க வேண்டும்.

படி 7: படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பாருங்கள்

உங்கள் ஆள் நடப்பவராக இருந்தாலும் இதை விடாதீர்கள். ஓர் இல்லம் எப்படிப்பட்டது என்பது எழுந்து வந்து குறை சொல்ல முடியாதவரிடம்தான் தெரியும். அனுமதி கேட்டு, அவருடைய குதிகாலையும் உதட்டையும் பாருங்கள். குதிகால் சிவந்தோ கறுத்தோ இருந்தால் படுக்கைப் புண்ணாக இருக்கலாம். உதடு வெடித்திருந்தால் தண்ணீர் போதாமல் இருக்கலாம். ஏர் பெட் (படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டார் காற்றடிக்கும் மெத்தை) இருந்தால் மோட்டார் ஓடுகிறதா என்று கையை வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி போன் சார்ஜ் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருப்பிப் படுக்க வைக்கிற நேரத்தை எழுதி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிவிட வேண்டும்.

படி 8: சாப்பாடு

மெனு அட்டையைப் பார்க்காதீர்கள், சாப்பிடுகிற நேரத்துக்குப் போய் உட்காருங்கள். ஊட்டிவிட வேண்டியவருக்கு நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, அவசர அவசரமாகத் திணிக்கிறார்களா? ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கு முடிந்து காலை டிபன் எட்டரைக்கு என்றால் நடுவில் 14 மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலையில் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடலாம். படுக்கும் முன் பால், பிஸ்கட் ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

மாதாமாதம் எடை எடுக்கிற நோட்டு இருந்தால் அது நல்ல இல்லத்தின் அடையாளம். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படி 9: தீ, வெள்ளம், கரண்ட்

தீயணைப்பு சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் இருந்தால் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும், அட்டையில் நிரப்பிய தேதி இருக்க வேண்டும். எப்படிப் பயன்படுத்துவது என்று ஆயாவிடம் கேளுங்கள், மேலாளரிடம் அல்ல. சென்னைப் பக்கம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை எதிர்க் கடைக்காரரிடம் விசாரியுங்கள். படுக்கையாளர்களைத் தரைத்தளத்தில் வைத்திருந்தால் மாடிக்கு எப்படித் தூக்குவார்கள்? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? பள்ளத்தில் இருந்தால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுதான்.

படி 10: ஒப்பந்தம்

வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பி வரும், டயப்பரும் மருந்தும் மாதக் கட்டணத்தில் அடங்குமா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யார் கூட இருப்பார்கள், முதலில் யாருக்கு போன் செய்வார்கள், இறந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சொத்தையோ நகையையோ எழுதிக் கேட்டால் பேச்சையே நிறுத்துங்கள். "ஞாயிறு நாலு முதல் அஞ்சு வரை மட்டும்தான் பார்க்கலாம்" என்ற விதி இருந்தாலும் அப்படித்தான்.

சேர்த்த பிறகு

ஆய்வு இதோடு முடியவில்லை. பெரியம்மாவை ஏழாவது இல்லத்தில் சேர்த்தோம். மீன் தொட்டி கிடையாது, பெயின்ட் உரிந்த சுவர். ஆனால் மணி அடித்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓர் அம்மா ஓடி வந்தார். சாவி ராத்திரி டியூட்டி ஆயாவின் இடுப்பில் இருந்தது. இப்போதும் நாங்கள் ஒரே நேரத்துக்குப் போவதில்லை. ஒரு வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் ராத்திரி எட்டு. போனதும் குதிகால், எடை நோட்டு, இன்சுலின் பாட்டிலின் தேதி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். விழுந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஏதாவது சரியில்லை என்று பட்டால் தேதி, நேரம், போட்டோவோடு எழுதி முதலில் நிர்வாகத்திடம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அடி, கட்டிப்போடுதல், பட்டினி மாதிரி விஷயம் என்றால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அந்த நேரம் தாண்டிவிட்டால் 112.