டிவி கைடு ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறதா?

மும்பை மாட்டுங்காவில் பக்கத்து வீட்டு மாமியின் புது செட்டாப் பாக்ஸ், கைடில், அதாவது திரையில் வரும் நிகழ்ச்சி அட்டவணையில், இரவு 7:30 மணி நிகழ்ச்சியை மதியம் 2:00 என்று காட்டியது. மாமி 7:30-க்கு வைத்த ரெக்கார்டிங் பாவம், தவறிப்போனது. பாக்ஸில் பழுதில்லை. நம் டிடிஎச் ஒளிபரப்பு பின்பற்றும் டிவிபி எனும் டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தில் நிகழ்ச்சி நேரங்கள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் வரும். அதை இந்திய நேரமாக்குவது பாக்ஸின் வேலை. செட்டிங்ஸில் டைம் பகுதிக்குப் போய் ஜிஎம்டி +5:30 என்று வையுங்கள் (இங்கே ஜிஎம்டியும் யுடிசியும் ஒன்றுதான்). டேலைட் சேவிங் (கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் முறை) இருந்தால் அணைத்துவிடுங்கள், நமக்கு அது கிடையாது.

அப்புறம், சில சேனல்களுக்குக் கைடு காலியாக இருந்தால் அந்தச் சேனலுக்கு மாற்றி ஓரிரு நிமிடம் காத்திருங்கள். பல பாக்ஸ்கள் அப்போது ட்யூன் செய்த அலைவரிசையில் வரும் அட்டவணையைத்தான் படிக்கும். அதற்காக ரீசெட் செய்து சேனல் வரிசையை இழக்காதீர்கள்.